கதவைத் திறக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: பழைய தோட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பழமையான தோட்டங்களையும் தோட்ட மாளிகைகளையும் காப்பாற்றுவது, அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். மரப் பராமரிப்பு, சுண்ணாம்புக் கட்டுமானம், நீர்நிலை, அறக்கட்டளை நிர்வாகம் ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத் தோட்டம் நூறாண்டுக்கு மேல் பழமையானது. எனக்குப் பிறகு யாரும் அதை மனை போட்டு விற்றுவிடக் கூடாது, மக்கள் வந்து பார்த்துப் போக வேண்டும். ஓர் அறக்கட்டளை தொடங்கி எழுதி வைத்துவிட்டால் போதுமா?

போதாது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, வைப்பில் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டும்தான் தோட்டத்தைக் காக்கும். 'தேவை ஏற்படின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அறங்காவலர்களுக்கு அதிகாரம் உண்டு' என்ற வரி பல அறக்கட்டளைப் பத்திரங்களில் வழக்கம் காரணமாகவே நுழைந்துவிடும். வரைவைக் கையில் வாங்கியதும் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

உலக அளவில் இரண்டு வழிகள் நன்றாக நிலைத்திருக்கின்றன. ஒன்று, சொத்தையே ஒரு பெரிய பொது அமைப்பிடம் ஒப்படைப்பது. 1895இல் தொடங்கிய இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட், 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தன் நிலங்களை 'விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாதவை' என்று அறிவிக்கும் உரிமையைப் பெற்றது. அப்படி அறிவித்த நிலத்தை அந்த அமைப்பே நினைத்தாலும் விற்க முடியாது. இரண்டாவது, சொத்து உங்களிடமோ அறக்கட்டளையிடமோ இருக்கட்டும், அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நிரந்தரமாகக் கைவிட்டு, அந்தக் கட்டுப்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பை வேறொரு அமைப்புக்கு எழுதிக் கொடுப்பது. அமெரிக்காவில் இது பரவலாக நடக்கிறது. அங்கே 1989இல் ஃபிராங்க் கபோட் தொடங்கிய கார்டன் கன்சர்வன்சி முதலில் கையில் எடுத்தது, கலிஃபோர்னியாவில் ரூத் பேன்கிராஃப்ட் என்பவர் உருவாக்கிய வறண்ட நிலத் தாவரத் தோட்டம். இப்படிப்பட்ட கட்டுப்பாடு அடுத்தடுத்த உரிமையாளர்களையும் பிணைக்கும் என்பதை எல்லா நாட்டுச் சட்டமும் ஏற்பதில்லை. வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

'தோட்டமாகவே பராமரிக்கப்பட வேண்டும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். புல்தரை போட்டு நாலு செடி வைத்தாலும் அது தோட்டம்தான் என்று நாளைக்கு ஒருவர் வாதிடலாம். அளவுடன் வரைந்த வரைபடம், எண்ணிட்ட மரப் பட்டியல், மதில், குளம், வாய்க்கால், சிலை, தொட்டி எல்லாவற்றின் புகைப்படப் பதிவு ஆகியவை பத்திரத்தின் இணைப்பாக இருக்க வேண்டும். பலரும் மறப்பது மூன்று: குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியின் மீதான உரிமை, சாலையிலிருந்து உள்ளே வரும் பாதையின் உரிமை, தோட்டத்திலிருந்து வெளியே தெரியும் காட்சி. பக்கத்து நிலத்தில் எட்டு மாடி எழும்பினால் உள்ளே ஒரு செடி சாகாமலே தோட்டம் செத்துவிடும். பழைய கணக்குப் புத்தகம், விதை வாங்கிய ரசீது, வரைபடங்களையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். அவை உறவினர் வீட்டுப் பரணுக்குப் போனால் திரும்பி வராது.

அடுத்தது பணம். மூலதனம் தேயாமல் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் எடுத்துச் செலவழிக்கலாம் என்பது அறக்கட்டளைகள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. நுழைவுக் கட்டணம் போன்ற வருமானத்தைக் கழித்த பிறகு ஆண்டுச் செலவில் 100 பங்கு குறைகிறது என்றால், 2,500 பங்கு மூலதனம் வேண்டும். பெரிய அமைப்புகள் தோட்டத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கத் தயங்குவதற்குக் காரணம் இந்த இருபத்தைந்து மடங்குதான். ஆண்டுச் செலவு என்றால் தோட்டக்காரர் சம்பளம் மட்டுமல்ல. மதில், கூரை, குளக்கரை, வடிகால் ஆகிய நான்கும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய செலவு வைக்கும். அதை ஆண்டுகளால் வகுத்து ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம்? இதற்கு ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

ஏக்கருக்கு இத்தனை பேர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லோரும் எங்கே நெருக்குகிறார்களோ அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்பதுதான் முழுத் தோட்டத்தின் கணக்கு. பெரும்பாலும் அது ஒரு குறுகிய வாசல், ஒரு படிக்கட்டு, அல்லது எல்லோரும் நின்று படம் எடுக்கும் ஒரு திருப்பம். வரலாற்றுத் தோட்டங்களுக்கென 1981இல் வரைந்து 1982இல் ஏற்கப்பட்ட ஃபிளாரன்ஸ் சாசனமும் இதைத்தான் சொல்கிறது: தோட்டம் நடந்து பார்ப்பதற்காகவே ஆனது, ஆனால் அதன் பரப்பும் தாங்கும் திறனும் கேட்கிற அளவுக்கு நுழைவைக் கட்டுப்படுத்த வேண்டும்.

எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் முழுதும் அளந்து பார்க்க வேண்டும். நெரிசல் இடத்தில் பாதையின் இரு ஓரமும் இரும்பு முளை அடித்து, வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து படம் எடுங்கள். முளைக்கு வெளியே புல் தேய்ந்து மண் தெரிந்தால் பாதை அகலமாகிறது, அதாவது மக்கள் ஒருவரையொருவர் ஒதுங்கித்தான் போக முடிகிறது என்று பொருள்.

மண் இறுகுவது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 15 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டை மண்ணில் சில செ.மீ. இறங்குமாறு தட்டி நிறுத்தி, உள்ளே 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அது ஏறக்குறைய 2.5 செ.மீ. உயரம் நிற்கும். அது இறங்கிய பிறகு இன்னொரு 450 மில்லி ஊற்றி, இந்த முறை நேரம் பாருங்கள். முதல் ஊற்று மண்ணை நனைக்கத்தான், கணக்கில் சேராது. ஆள் கால் படாத புதரடியில் அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். அங்கே பத்து நிமிடத்தில் இறங்குவது பாதை ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றால், அந்த இடத்துக்கு அந்தப் பருவத்தில் ஓய்வு கொடுக்க வேண்டும். மரத்தின் உச்சி காய ஆரம்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தத் தண்ணீர் சொல்லிவிடும்.

எண் தெரிந்த பிறகு, மொத்த ஆட்களைக் குறைப்பதைவிட ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களைக் குறைப்பதுதான் நல்ல வழி. அரை மணிக்கு ஒரு தொகுதி என்று நேரச் சீட்டு கொடுத்தாலே நெரிசலில் பெரும்பகுதி கரைந்துவிடும். வண்டி நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் அந்த எண்ணுக்கு ஏற்றபடிதான் கட்ட வேண்டும். முதலில் பெரிய நிறுத்துமிடம் போட்டுவிட்டுப் பிறகு கூட்டத்தைக் குறைக்கப் பார்ப்பது நடக்காத காரியம். மழை பெய்து மண் ஊறிய நாளில் எந்தப் பகுதியை மூடுவது என்ற முடிவு தலைமைத் தோட்டக்காரரிடம் இருக்க வேண்டும், சீட்டு விற்பவரிடம் அல்ல.

கேள்வி: மிகப் பழைய மரம் ஒன்றின் வேர்கள் தரைக்கு மேல் தெரிந்ததால், பார்வையாளர்கள் தடுக்கி விழாமல் இருக்க ஒன்றரை அடிக்கு மண் கொட்டிச் சமப்படுத்தினோம். மூன்றாம் ஆண்டில் கிளை நுனிகள் காய்கின்றன. உரம் போதவில்லையா?

உரம் பிரச்சினையே அல்ல. வேர் மூச்சுத் திணறுகிறது. மரத்தின் மெல்லிய உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் 30 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும். அதன் மேல் ஒன்றரை அடி மண்ணைப் போட்டால் காற்று போகாது. அடிமரத்தின் பட்டையை மண் மூடினால் அங்கே ஈரம் நின்று அழுகலும் தொடங்கும்.

கொட்டிய மண்ணை எடுங்கள், ஆனால் இயந்திரத்தால் அல்ல. அழுத்தக் காற்றால் மண்ணை ஊதி எடுக்கும் கருவி கிடைத்தால் அதுதான் சிறந்தது, வேர் அறுபடாது. இல்லையென்றால் கையால். அடிமரம் அகன்று விரியும் இடம் முழுதும் வெளியே தெரிய வேண்டும். ஒரே நாளில் எடுத்து வேர்களை வெயிலில் காய விடாமல், பகுதி பகுதியாக எடுத்து, அன்றன்றைக்கே 5 முதல் 10 செ.மீ. மக்கிய மரச்சில்லு மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது, ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

பிறகு பாதையைத் தள்ளி வையுங்கள். சாதாரண மரத்துக்கு, மார்பு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரம் வேர்ப் பாதுகாப்பு வட்டம் என்பது பிரிட்டிஷ் தர நிர்ணயத்தின் கணக்கு. மிக முதிய மரங்களுக்கு 15 மடங்கு. 1.2 மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 18 மீட்டர். அவ்வளவு தூரம் வேலி போடத் தேவையில்லை. வட்டத்துக்குள் புல்லை வெட்டாமல் முழங்கால் உயரம் வளரவிட்டு, வெளியே அகலமாக ஒரு பாதையை வெட்டிக் காட்டினால் பெரும்பாலானவர்கள் அதில்தான் நடப்பார்கள். கிளைக்குக் கீழே உள்ள பெஞ்சையும் எடுத்துவிடுங்கள். கிளை முறிவதைத் தடுக்க முடியாத போதும், அதன் கீழே ஆள் உட்காராமல் செய்ய முடியும்.

இறுகிய மண்ணைத் தளர்த்தினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் டர்னர் ஓக் மரம் நல்ல பதில். 1798இல் நட்ட அந்த மரம் 1980களில் தளர்ந்துகொண்டிருந்தது. 1987 அக்டோபரில் வீசிய பெரும் புயல் கியூவில் சுமார் 700 மரங்களைச் சாய்த்தது. இந்த மரத்தையோ வேர்த்தட்டோடு சற்றே தூக்கி, அதே குழியில் திரும்ப உட்கார வைத்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மரம் புதுத் தெம்போடு தளிர்த்திருந்தது. பல ஆண்டுகளாகப் பார்வையாளர் கால்பட்டு இறுகிய மண்ணைப் புயல் ஒரே இரவில் தளர்த்திவிட்டிருக்கிறது. மண்ணுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தளர்த்தும் முறைக்கு அந்த மரம் பெரிய தூண்டுதல் ஆனது.

பொந்துக்குள் சிமென்ட் அடைக்கும் பழைய பழக்கம் உங்கள் தோட்டத்திலும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. இடையே நீர் தங்கி அழுகல் கூடும். வெட்டுக்காயத்தில் தார் பூசுவதும் வேண்டாம்.

கேள்வி: மதில் சுவரில் செங்கல் தூள் தூளாக உதிர்கிறது. பத்து ஆண்டுக்கு முன்புதான் செங்கல்களுக்கு இடையே உள்ள சந்துகளைச் சிமென்ட் கலவையால் பூசினோம். தரமான சிமென்ட்தானே?

தரமான சிமென்ட் என்பதுதான் தொல்லை. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்ததால், சுவரின் ஈரம் சந்து வழியாக ஆவியானது. உதிர்ந்தாலும் சந்துதான் உதிர்ந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது ஈரமும் அதில் கரைந்த உப்பும் செங்கல்லின் முகத்தின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். உப்பு படிகமாகும்போது முகத்தைப் பெயர்த்துவிடும்.

சிமென்ட் சந்தை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு கையால் எடுக்கச் சொல்லுங்கள். வெட்டும் சக்கர இயந்திரத்தைக் கொண்டுவந்தால் செங்கல் விளிம்பும் சேர்ந்து போய்விடும். சிமென்ட் செங்கல்லோடு கெட்டியாகப் பிடித்திருந்தால் வலிந்து பெயர்க்காதீர்கள், தானாகத் தளர்ந்தவற்றை மட்டும் எடுங்கள். எடுக்கும் ஆழம் சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, எப்படியும் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தூசியை ஊதி, சந்தை நன்றாக நனைத்து, தண்ணீர் மினுக்கம் போன பிறகு சாந்து திணிக்க வேண்டும்.

சாதாரண சுவருக்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மூன்று பங்கு மணல். மணல் சன்னமும் பரலும் கலந்த கூர்மையான மணலாக இருக்கட்டும். பூச்சுக்குச் சலிக்கிற மாவு மணல் போட்டால் வெடிக்கும். மழை நேரடியாக அடிக்கும் உச்சிப் பகுதிக்கு மட்டும், நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பில் நடுத்தர வலிமையுள்ள 3.5 ரகம் போதும். 5 ரகம் சிமென்ட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். திணித்த பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வேலை தோற்பது பெரும்பாலும் கலவையால் அல்ல, இந்த ஒரு வாரத்தில் ஆள் போடாததால்தான். கொளுத்தும் வெயிலிலும், 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த நாளிலும் வேலை வேண்டாம்.

இவ்வளவும் செய்யும் முன் சுவரின் தலையைப் பாருங்கள். மூடுகல் உடைந்திருந்தாலோ, அதன் அடியில் நீர் சொட்டி விழும் காடி அடைந்திருந்தாலோ, கீழே எத்தனை முறை பூசினாலும் வீண். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணையும் அகற்றுங்கள். சுவரில் முளைத்த செடியைப் பச்சையாகப் பிடுங்கினால் நாலு செங்கல்லோடு வரும். அடியில் அறுத்துவிட்டு, காய்ந்து சுருங்கிய பிறகு எடுங்கள். காட்சி திறக்கட்டும் என்று மதிலையே இடிக்கலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். மதில் காற்றைத் தடுத்து, வெப்பத்தைச் சேர்த்து உள்ளே தனிப் பருவநிலையையே உருவாக்கியிருக்கும். பின்விளைவு ஆராயாமல் தொடக் கூடாது என்று ஃபிளாரன்ஸ் சாசனம் தனி விதியே வைத்திருக்கிறது.

கேள்வி: தோட்டத்துக் குளத்தில் தண்ணீர் நிற்பதில்லை. ஆவியாகிறது என்கிறார் ஒருவர், கசிகிறது என்கிறார் இன்னொருவர்.

வாளி வைத்தால் தெரிந்துவிடும். குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி நிரப்புங்கள். மழையில்லாத இரண்டு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் ஆவிதான். குளம் வாளியைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் கசிவு.

கசிவு எந்த உயரத்தில் என்பதைக் குளமே காட்டும். மட்டம் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றால், அதற்குச் சற்று மேலேதான் ஓட்டை. மதகுக் கதவைச் சுற்றியும், கரையைக் குழாய் குடையும் இடத்திலும் முதலில் தேடுங்கள். கரைமேல் மரம் இருந்தால் அடுத்த சந்தேகம் அதன் மீது. உயிரோடு இருக்கும் வேர் அவ்வளவாகக் கெடுக்காது, மரம் செத்த பின் வேர் மக்கி விட்டுச்செல்லும் துளைதான் நீரைக் கொண்டுபோகும். எலி வளையும் அப்படியே. கரையின் வெளிச் சரிவில் தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்துக்கொண்டே திட்டமிட நேரம் இருக்கிறது. கலங்கல் நீர் வந்தால் கரையின் மண்ணே அரித்துப் போகிறது. அன்றைக்கே கீழ்ப்பக்கத்தில் ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, பொறியாளரை அழைத்து, நீரை இறக்கத் தொடங்குங்கள்.

வேறு அவசரம் இல்லாதபோது ஒரு நாளைக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். கரைக்குள் ஊறிய நீர் வெளியேறும் முன் எதிர்ப்பக்கத் தாங்கல் போய்விட்டால் உட்சரிவு சரிந்து விழும். பழைய குளங்களின் அடித்தளம் மிதித்துப் பிசைந்த களிமண். அது காய்ந்து வெடித்தால் பழையபடி ஒட்டாது. ஆகவே தூர் வாரும்போது முழுதும் வறள விடாமல் பகுதி பகுதியாக வாருங்கள். களிமண் அடுக்கையும் சேர்த்து வாரிவிடாமல் இருக்க, முன்னமே கம்பியால் குத்தி வண்டல் எத்தனை அடி, களிமண் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டுப் போடும் இடத்தில் பழைய களிமண்ணை வெட்டிப் படியாக்கி, புதியதை 15 செ.மீ. அடுக்குகளாக ஈரத்தோடு மிதித்து ஏற்ற வேண்டும். வாரிய வண்டலை மரத்தடியில் கொட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். மூன்றாம் கேள்வியைப் படியுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்: தண்ணீர், பிறகு மண், பிறகு சுவர். பூப்பாத்திக்கு நன்கொடையாளர் எளிதாகக் கிடைப்பார், வடிகாலுக்குக் கிடைக்க மாட்டார். அதனால் அறக்கட்டளையின் சொந்தப் பணம் வடிகாலுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: தோட்டம் மூன்று தலைமுறைகளில் மாறியிருக்கிறது. எந்தக் காலத்து வடிவத்துக்கு மீட்பது?

சான்று இல்லாத காலத்துக்கு மீட்கவே வேண்டாம். அது மீட்பல்ல, கற்பனை. சான்று உள்ள காலங்களுக்குள்ளும், ஒன்றை எடுக்க இன்னொன்றை அழிக்க வேண்டியிருந்தால் மிகவும் தயங்க வேண்டும். லண்டன் ஹேம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பிரிவி கார்டனை 1702ஆம் ஆண்டு இருந்தபடி மீட்டு 1995இல் திறந்தார்கள். அதற்காக ஓங்கி வளர்ந்திருந்த பழைய மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. மண்ணைத் தோண்டிப் பழைய பாத்திகளின் தடத்தையே கண்டுபிடித்ததால்தான் அந்த முடிவை நியாயப்படுத்த முடிந்தது. நெதர்லாந்தின் ஹெட் லோ அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டுத் தோட்டத்தை மறுபடி அமைத்து 1984இல் திறந்தபோது, அதன் மேல் இருந்த பிற்கால நிலக்காட்சித் தோட்டம் போயிற்று. அது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பெரும்பாலான தோட்டங்களுக்கு எங்கள் அறிவுரை: மூன்று தலைமுறையும் தெரியட்டும், பழுது மட்டும் பாருங்கள்.

கேள்வி: சாலை போல் இருபுறமும் வரிசையாக நின்ற மரங்களில் ஆங்காங்கே செத்துப்போன இடத்தில் கன்று நட்டால் வளரவே மாட்டேன் என்கிறது.

வளராது. இருபுறமும் நிற்கும் பெரிய மரம் வெயிலையும் நீரையும் எடுத்துக்கொள்ளும். கன்று மெலிந்து, ஒளி தேடிச் சாய்ந்து வளரும். வரிசையின் அழகே ஒரே உயரத்தில்தான் இருக்கிறது, அதுவும் கெடும். மூன்று மரமாவது தொடர்ந்து போன இடைவெளியில் மட்டும் நடுங்கள். மற்றபடி, வரிசையைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் ஒரே தடவையில் மாற்றத் திட்டம் போடுங்கள். இடம் இருந்தால் வெளிப்பக்கம் இரண்டாம் வரிசையை இப்போதே நட்டுவிடலாம். மக்கள் எதிர்ப்பார்கள் என்று தள்ளிப்போட்டால் புயல் தேதி குறிக்கும். 1999 டிசம்பர் 26 அன்று வீசிய புயல் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவற்றில் பல, மாற்றும் காலம் ஏற்கெனவே கடந்த முதிய மரங்கள்.

வெட்டுவதற்கு ஓராண்டு முன்பே காரணத்தை, வயதை, அழுகலின் படத்தை அந்த இடத்திலேயே பலகையில் போடுங்கள். அதே மரங்களிலிருந்து விதையோ ஒட்டோ எடுத்து நாற்றங்காலில் வளர்வதைக் காட்டினால் எதிர்ப்பு பாதியாகும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகச் சரளைப் பாதையை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாமா?

வேண்டாம். சரளை தவறில்லை, உருண்டைச் சரளைதான் தவறு. கூழாங்கல் ஒன்றோடொன்று பிடிக்காது, சக்கரம் அமிழும். 6 மி.மீ.யிலிருந்து தூள் வரை கலந்த உடைகல்லைப் போட்டு ஈரப்படுத்தி உருளை ஓட்டினால் ஓடு போல் இறுகும். கீழே 10 முதல் 15 செ.மீ. உடைகல் அடித்தளம், மேலே இறுகிய பின் 4 முதல் 5 செ.மீ. இருக்க வேண்டும். பாதையின் நடு சற்றே உயர்ந்து இரு பக்கமும் 50க்கு 1 என்ற சரிவில் நீர் வழிய வேண்டும். அதற்கு மேல் சரிந்தால் நாற்காலி ஓரத்துக்கு இழுக்கும். குறைந்த அகலம் 1.2 மீட்டர், இரண்டு நாற்காலி எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர். ஏற்றம் 20க்கு 1 வரை சாதாரணப் பாதை, அதைத் தாண்டினால் கைப்பிடியும் ஓய்வுத் தளமும் வைத்துச் சரிவுப் பாதையாகவே கட்ட வேண்டும். 50 மீட்டருக்கு ஒரு இருக்கை போடுங்கள், முதியவர்கள் நன்றி சொல்வார்கள்.

மரவேர் மேல் போகும் இடத்தில் மட்டும் முறை வேறு. மண்ணைத் தோண்டாமல், தேன்கூடு போன்ற வலைப்பெட்டியை மேலேயே விரித்து, தூள் இல்லாத சுத்தமான கல்லால் நிரப்ப வேண்டும். காற்றும் நீரும் இறங்கும், பாரம் பரவும்.

கேள்வி: வருமானத்துக்காகத் திருமண நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். புல்தரை கெட்டுப்போகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தத் தேவையில்லை. ஒப்பந்தத்தைத்தான் திருத்த வேண்டும். பந்தலுக்கு முளை அடிக்க அனுமதிக்காதீர்கள். ஒரு மீட்டர் இரும்பு முளை பழைய செங்கல் வடிகாலையும் வேரையும் ஒரே அடியில் பிளக்கும், உங்களுக்கு அடுத்த மழையில்தான் தெரியும். எடைக்கட்டிதான் வைக்க வேண்டும். மரப்பலகைத் தளம் புல்லை மூன்று நாளுக்கு மேல் மூடக் கூடாது. வாரம் கடந்தால் திரும்ப விதைப்பதைத் தவிர வழியில்லை. சரக்கு வண்டி எந்தப் பாதையில், எந்த எடை வரை என்று வரைபடத்தில் கோடு போட்டு ஒப்பந்தத்தில் ஒட்டுங்கள். மின்னாக்கி (ஜெனரேட்டர்) மரங்களின் வேர்ப் பாதுகாப்பு வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பரிமாறுபவர்களுக்குத் தனி விதி வேண்டும். பாத்திரம் கழுவிய நீர், எண்ணெய், உப்புப் போட்ட பனிக்கட்டி உருகிய நீர் எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது அருகிலிருக்கும் மரத்தடியில். இரண்டு வாளியும் ஒரு வடிகால் இடமும் காட்டிவிட்டால் அது நிற்கும். முன்பணத்தில் ஒரு பகுதியை நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுங்கள், மஞ்சள் புல் அதற்குள் தெரிந்துவிடும். ஒரே புல்தரையை அடுத்தடுத்த வாரம் வாடகைக்கு விடாதீர்கள்.

கேள்வி: பார்வையாளர்கள் அரிய செடிகளில் கிளை ஒடித்துக்கொண்டு போகிறார்கள். கேமரா வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் வாசலில் அதே செடியின் பதியன்களை விற்பனைக்கும் வையுங்கள். ஒடிப்பது பெருமளவு குறையும். பதியன் போடுவது திருட்டுக்காக மட்டுமல்ல. அரிய செடி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று பிரதி, அவற்றில் ஒன்றாவது வேறு தோட்டத்தில் இருக்க வேண்டும். நோய் வந்தால் அந்தப் பிரதிதான் மிச்சம். கொடுத்தவர், வாங்கியவர், தாய்ச் செடியின் எண் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் செடியை நேரே பாத்தியில் நடாமல் ஒரு மாதமாவது தனியே வைத்துப் பாருங்கள். 'பாக்ஸ்' என்ற புதர்ச்செடி வேலியை அழிக்கும் கருகல் நோயும் வேரழுகல் பூஞ்சை போன்றவையும் புதுச்செடியின் தொட்டி மண்ணிலும், கத்தரியிலும், செருப்பிலும்தான் வந்து சேர்கின்றன. கத்தரியை ஒரு வரிசை முடிந்ததும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், இலை ஈரமாக இருக்கும்போது வேலி வெட்டக் கூடாது.

கேள்வி: மரங்களுக்குப் பெயர்த்தகடு ஆணி அடித்துப் பொருத்தலாமா, கம்பியால் கட்டலாமா?

கம்பி வேண்டவே வேண்டாம், மரம் பருக்கும்போது கழுத்தை நெரிக்கும். சிறு மரங்களுக்குத் தரையில் குச்சித் தகடு போதும். பெரிய மரத்துக்கு எஃகுச் சுருளோடு கூடிய திருகாணி, அல்லது பாதி மட்டும் இறங்கிய அலுமினிய ஆணி. ஆணித் தலைக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை மரம் அதை நெருங்கிவிட்டதா என்று பார்த்து வெளியே இழுத்துவிடுங்கள்.